கொதித்தாலும் போகாது!

2011-ம் வருஷம் மார்ச் மாதம் 23-ந் தேதி, புதன்கிழமை. ஜப்பான் தேசத்தின் தலைநகரமான டோக்கியோவில் அன்றைக்கு ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. கைக்குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீரைப் புகட்ட வேண்டாம், அதில் பால் மாவும் கரைக்க வேண்டாம் என்பதே அதன் சாராம்சம்.

அவ்வளவுதான்! கொஞ்ச நேரத்துக்குள் நகரத்தில் பல கடைகளில் பாட்டில் தண்ணீர் அடுக்கியிருந்த அலமாரிகள் துடைத்து வைத்தாற்போல் காலியாகிவிட்டன.

டோக்கியோவில் தண்ணீர்ப் பஞ்சம் எதுவும் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டிற்று. கலங்கல் இல்லை, நாற்றம் இல்லை, ருசியில் அணுவளவும் மாறுதல் இல்லை. போன வாரம் வந்த தண்ணீருக்கும் இந்த வாரம் வந்த தண்ணீருக்கும் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் ஏதுமில்லை. ஆனாலும் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்த தாய்மார்கள் அதைத் தொடப் பயந்தார்கள்.

காரணம் என்ன? அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, மார்ச் 11-ந் தேதியன்று, ஜப்பானின் வட கிழக்குக் கரையில் பயங்கரமான பூகம்பம் ஏற்பட்டது. தொடர்ந்து சுனாமி வந்தது. புகுஷிமாவில் கடலோரமாக இருந்த அணு மின்சார நிலையத்துக்குள் கடல் புகுந்தது. உலைகளைக் குளிரவைக்கும் யந்திரங்களுக்கு மின்சாரம் அற்றுப் போயிற்று. உலைகள் உருகின, கட்டடங்கள் வெடித்தன. கதிரியக்கப் பொருள்கள் காற்றில் கலந்தன. அந்தக் காற்று டோக்கியோவின் பக்கமும் அடித்தது. பிறகு மழை பெய்தது. காற்றிலிருந்ததை மழை கழுவி எடோ ஆற்றில் சேர்த்தது. அந்த ஆற்றின் கரையில்தான் கானமாச்சி என்ற நீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. டோக்கியோவின் பல பகுதிகளுக்குக் குடிதண்ணீர் அனுப்பும் நிலையம் அது.

22-ந் தேதி காலையில் அங்கே எடுத்த தண்ணீரைச் சோதித்தார்கள். ஒரு கிலோ தண்ணீரில் 210 பெக்கரெல் அளவுக்குக் கதிரியக்க அயோடின் இருந்தது. கைக்குழந்தைகளுக்கு அப்போது ஜப்பானில் வைத்திருந்த வரம்பு 100. மற்றவர்களுக்கு 300. அதனால்தான் அறிவிப்பு குழந்தைகளைப் பற்றி மட்டும் பேசிற்று.

பாட்டியின் வைத்தியம்

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து பாட்டியின் குரல் வரும்: "இதற்கா இத்தனை அமர்க்களம்? தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற்றி, வடிகட்டிக் கொடுத்தால் தீர்ந்தது!"

பாட்டி சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது. காலராவிலிருந்தும் டைபாய்டிலிருந்தும் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய வைத்தியம் அது. ஆனால் இந்த எதிரியிடம் அது பலிக்காது. ஏன் என்று பார்ப்போம்.

காலராக் கிருமி உயிருள்ள ஜந்து. சூடு தாங்காமல் செத்துப் போகும். செத்த கிருமி தண்ணீரிலேயே கிடந்தாலும் பரவாயில்லை. கதிரியக்க அயோடினுக்கு உயிர் கிடையாது. உயிரில்லாததை எப்படிக் கொல்வது? நம் சமையல் உப்பில் சேர்க்கிறார்களே, அதே அயோடின்தான் இதுவும். ஒரே ஒரு வித்தியாசம்: இதனுடைய அணுவின் நடு மையம் நிலையில்லாதது. எப்போது வேண்டுமானாலும் அது உடைந்து மாறும். மாறும்போது கதிரை வீசும். அடுப்புச் சூடு அணுவின் வெளிவாசல் வரையில்தான் போகும். உள்ளே இருக்கிற மையத்துக்கு, நாம் அடுப்பு மூட்டியதே தெரியாது.

பெக்கரெல் என்பது, ஒரு விநாடிக்கு எத்தனை அணுக்கள் அப்படி மாறுகின்றன என்ற கணக்கு. 1896-ல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சு விஞ்ஞானி ஹென்றி பெக்கரெலின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். 210 பெக்கரெல் என்றால் விநாடிக்கு 210 அணுக்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஒரு கிலோ தண்ணீரில் இருந்த கதிரியக்க அயோடின் அணுக்கள் சுமார் 21 கோடி. 'அடேயப்பா!' என்று மலைக்க வேண்டாம். அந்த 21 கோடி அணுக்களின் எடை என்ன தெரியுமா? ஒரு கிராமை 20 லட்சம் கோடிக்கு மேற்பட்ட பங்காகப் போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு. இதைக் கண் எப்படிப் பார்க்கும்? நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்?

கொதிக்க வைப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிறது. கரைந்திருக்கும் சரக்கு பெரும்பாலும் பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சினால் காரம் ஏறுகிறதல்லவா? அதே கதைதான். ஒன்றரை லிட்டரை ஒரு லிட்டராகச் சுண்ட வைத்தால், ஒன்றரை லிட்டரில் இருந்தது ஒரு லிட்டருக்குள் வந்து சேரும்.

பாட்டி கோபித்துக்கொள்ளக் கூடாது. நெருப்பினால் கதிரியக்கத்தை அழிக்க முடியாது. நெருப்பினால் மட்டுமல்ல, நம் வீட்டிலும் ஊர் நீர் நிலையத்திலும் இருக்கிற எந்த மருந்தினாலும் யந்திரத்தினாலும் அழிக்க முடியாது. மனிதனால் செய்யக்கூடியவை இரண்டே காரியங்கள்தான். ஒன்று, தானாக அடங்கும் வரையில் காத்திருப்பது. மற்றொன்று, தண்ணீரிலிருந்து பிரித்து வேறோர் இடத்துக்கு மாற்றுவது.

காத்திருப்பது எவ்வளவு நாள்?

கதிரியக்கப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'அரை ஆயுள்' உண்டு. அதாவது, இருப்பதில் பாதி தீர்ந்து போவதற்கு ஆகும் காலம். டோக்கியோவில் வந்த அயோடினுக்கு அரை ஆயுள் 8 நாள். 210 பெக்கரெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் அடைத்துப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டால், 8 நாளில் அது 105 ஆகிவிடும். 16 நாளில் சுமார் 52. 24 நாளில் 26. எண்பது நாள் சென்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும்.

அட, இது நல்ல உபாயமாக இருக்கிறதே என்று தோன்றுகிறதல்லவா? அயோடினுக்கு நல்ல உபாயம்தான். ஆனால் அணு உலையிலிருந்து அயோடின் மட்டும் கிளம்பி வருவதில்லை. கூடவே சீஸியம் வருகிறது. அதில் ஒரு வகைக்கு அரை ஆயுள் 2 வருஷம்; இன்னொரு வகைக்கு 30 வருஷம். ஸ்டிரான்ஷியத்துக்கு ஏறக்குறைய 29 வருஷம். பூமிக்கு அடியிலிருந்து கிணற்றுத் தண்ணீரில் ஊறி வரும் ரேடியத்துக்கோ 1,600 வருஷம். பாட்டிலில் அடைத்துக் காத்திருந்தால் பேரன் பேத்தி காலத்தில்கூடக் குடிக்க முடியாது!

குழந்தைகளுக்கு மாத்திரம் ஏன் கடுமையான வரம்பு? கழுத்தில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அதற்கு அயோடின் வேண்டும். வருகிற அயோடின் நல்லதா, கெட்டதா என்று அது விசாரிப்பதில்லை. இரண்டையும் ஒரே மாதிரி வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது. குழந்தையின் தைராய்டு மிகச் சிறியது. அந்தச் சின்ன இடத்தில் சேரும்போது கதிரின் வேகம் அதிகமாகப் பாய்கிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கோ ஆகாரமே தண்ணீரில் கரைத்ததுதான்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 1986-ல் சோவியத் யூனியனில், இன்றைய உக்ரைனில் உள்ள செர்னோபிலில் அணு உலை வெடித்தபோது அயோடின் புல்லில் விழுந்தது. புல்லை மாடு மேய்ந்தது. பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். அப்போது சிறுவர் சிறுமியராக இருந்தவர்களில் 6,000-க்கு மேற்பட்டவர்களுக்குத் தைராய்டில் புற்றுநோய் கண்டதாக 2005 வரையிலான கணக்குச் சொல்கிறது. அதில் பெரும் பங்குக்குக் காரணம் அந்தப் பாலில் வந்த அயோடின் என்பது நிபுணர்களின் முடிவு. டோக்கியோ அதிகாரிகள் 210 என்ற எண்ணைப் பார்த்ததும் குழந்தைகளை நினைத்தது இதனால்தான். சுமார் 80,000 குழந்தைகளுக்குத் தலைக்கு மூன்று வீதம் 2,40,000 பாட்டில் தண்ணீர் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

தேற்றாங்கொட்டையும் படிகாரமும்

இனி, பிரித்து எடுக்கும் வித்தைக்கு வருவோம். இதில் பாட்டிக்கு நிச்சயம் சந்தோஷம் உண்டாகும்.

நம் கிராமங்களில் கலங்கல் தண்ணீர் வந்தால், பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் படிந்து தெளிந்த நீர் மேலே நிற்கும். ஊர் நீர் நிலையங்களில் படிகாரத்தையோ அது போன்ற உப்புக்களையோ கொண்டு நடப்பதும் இதேதான். சீஸியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: களிமண்ணைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு லேசில் விடாது. ஆகவே ஆற்று நீரில் உள்ள மண்ணைப் படியவைத்து, மணல் படுகையில் வடிகட்டினால், மண்ணோடு ஒட்டிய சீஸியமும் போய்விடும்.

ஆனால் கதிரியக்க அயோடினிடம் படிகாரத்தின் ஜம்பம் சாயாது. அது உப்பு மாதிரி கரைந்து கிடக்கிறது. அதைப் பிடிக்க வேறு தூண்டில் வேண்டும்; அதுதான் கரித்தூள். அடுப்புக் கரியல்ல, விசேஷமாகப் பக்குவம் செய்து, உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய துவாரங்கள் ஏற்படுத்திய கரி. தண்ணீரில் கொஞ்சம் குளோரின் சேர்த்துப் பிறகு இந்தக் கரித்தூளைத் தூவினால், அயோடினில் ஒரு பகுதி கரியில் சிக்கிக்கொள்ளும். முழுவதும் சிக்கிவிடும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது முறை, ஆள் மாற்றும் முறை. பஸ்ஸில் ஒரு பெரியவர் ஏறினால், உட்கார்ந்திருக்கும் வாலிபன் எழுந்து இடம் கொடுக்கிறான் அல்லவா? (கொடுக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம்!) அதுபோல, சில பிசின் மணிகளில் சோடியம் என்ற சரக்கை ஏற்றி வைத்திருப்பார்கள். தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது ரேடியம் வந்தால், சோடியம் எழுந்து தண்ணீரில் இறங்கிவிடும். ரேடியம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கடின நீரை மென்னீராக்கும் யந்திரத்தில் நடப்பது இதுவேதான். 'ஜியோலைட்' என்ற ஒரு வகைக் கல்லும் சீஸியத்துக்கு இப்படி இடம் கொடுக்கும்.

நான்காவது, இப்போது நம் ஊர்களில் பல வீடுகளின் சுவரில் தொங்குகிற ஆர்.ஓ. யந்திரம். மிக மிக நுண்ணிய ஒரு சவ்வின் வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறார்கள். தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும். கரைந்திருக்கும் உப்புக்களில் பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்றுவிடும். யுரேனியம், ரேடியம், சீஸியம் எல்லாம் இதில் பெரும்பாலும் தடைப்படும்.

ஐந்தாவது, காற்றாட விடும் முறை. ரேடான் என்பது கதிரியக்கமுள்ள ஒரு வாயு. பாறையைத் துளைத்து இறக்கிய ஆழ்கிணறுகளில் அது வரும். பின்லாந்தில் இது பிரசித்தம். அந்தத் தண்ணீரைப் பூவாகத் தெளித்துக் காற்றோடு கலக்கவிட்டால் ரேடான் பறந்துவிடும். பாட்டியின் கொதிக்க வைக்கும் வைத்தியம் பலிப்பது இந்த ஒன்றிடம்தான்! ஆனால் அங்கேயும் ஜாக்கிரதை வேண்டும். தண்ணீரை விட்ட ரேடான் எங்கே போகும்? சமையலறைக் காற்றில் கலக்கும். தண்ணீரில் குடிப்பதைவிட அதை மூச்சில் இழுப்பதுதான் அதிகக் கெடுதல். ஆகையால் காற்றாட விடும் வேலையை வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டும்.

கீவ் நகரம் கற்றுக்கொண்ட பாடம்

இத்தனை முறைகள் இருக்கும்போது என்ன கவலை, ஒரு யந்திரத்தை வாங்கி மாட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே என்று நினைப்பவர்களுக்குக் கீவ் நகரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

செர்னோபில் விபத்து நடந்தபோது, அதற்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருந்த கீவ் நகரம் நீப்பர் நதியின் தண்ணீரையும் குடித்துக்கொண்டிருந்தது. நதி, விபத்து நடந்த பக்கத்திலிருந்து வருகிறது. என்ன செய்வது? நீர் நிலையங்களின் வடிகட்டிகளில் கரியையும் ஜியோலைட்டையும் சேர்த்தார்கள். கரி அயோடினைப் பிடித்தது. ஜியோலைட் சீஸியத்தையும் ஸ்டிரான்ஷியத்தையும் பிடித்தது. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது — சுமார் மூன்று மாதம்! அதற்குப் பிறகு வடிகட்டிகள் நிரம்பிவிட்டன. பஸ்ஸில் எல்லா இடமும் நிறைந்தபின் ஏறுகிறவர் எங்கே உட்காருவார்? பிடிக்கும் சக்தி குறைந்து போயிற்று. அதிர்ஷ்டவசமாக, அதற்குள் நீப்பர் நதியிலேயே கதிரியக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. இதற்கிடையில் தேஸ்னா என்ற பக்கத்து நதியிலிருந்து அவசர அவசரமாகக் குழாய் போட்டும் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. முதலாவது, எந்த வடிகட்டிக்கும் வயிறு ஓர் அளவுதான். நிரம்பினதும் மாற்றாவிட்டால் அது வெறும் அலங்காரப் பொருள். இரண்டாவது, கெட்ட தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிட நல்ல தண்ணீரைத் தேடிப் போவது சில சமயம் சுலபம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் வாகேஷா என்றோர் ஊர். அதன் ஆழ்கிணறுகளில் பூமியிலிருந்தே ரேடியம் ஊறி வந்தது. பல வருஷம் போராடிய பிறகு, 2023 அக்டோபரில் அந்த ஊர் கிணறுகளை விட்டுவிட்டு மிச்சிகன் ஏரித் தண்ணீருக்கு மாறிக்கொண்டது.

நிரம்பின வடிகட்டியை என்ன செய்வது? அது அடுத்த கேள்வி. தண்ணீரிலிருந்து போனது உலகத்தை விட்டுப் போகவில்லை; கரியிலும் சேற்றிலும் பிசினிலும் திரண்டு உட்கார்ந்திருக்கிறது. புகுஷிமாவுக்குப் பிறகு ஜப்பானில் பல நீர் நிலையங்களில் இந்தச் சேறு குவிந்து பெரிய தலைவலியாகிவிட்டது. ஒரு கிலோவில் 8,000 பெக்கரெலுக்கு மேல் சீஸியம் இருந்தால் அது சர்க்கார் பொறுப்பில் வைத்துக் காக்க வேண்டிய கழிவு என்று சட்டம் செய்தார்கள். வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கூடத்திலிருந்து கொல்லைக்குத் தள்ளுகிறோம்; கொல்லையில் அதை யார் காப்பது என்பதையும் யோசிக்கத்தானே வேண்டும்?

தண்ணீரே வேஷம் போட்டால்?

எல்லா வலையிலும் தப்பித்துக்கொள்கிற ஓர் ஆசாமியும் உண்டு. அதன் பெயர் டிரிட்டியம். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். டிரிட்டியம் அந்த ஹைட்ரஜனின் கதிரியக்கமுள்ள அண்ணன். அது தண்ணீரில் கரைந்திருக்கவில்லை. தானே தண்ணீராக மாறிவிடுகிறது. தண்ணீரிலிருந்து தண்ணீரை எப்படி வடிகட்டுவது?

புகுஷிமாவில் உருகிய உலைகளைக் குளிரவைத்த தண்ணீரை ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையத்தில் விட்டு, 62 வகைக் கதிரியக்கப் பொருள்களைப் பிரிக்க ஏற்பாடு செய்தார்கள். டிரிட்டியம் பிரியாமல் நின்றுவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொட்டிகளில் தண்ணீர் நிரம்பி, வைக்க இடமில்லாமல் போகவே, 2023 ஆகஸ்டு 24-ந் தேதி முதல் அதைக் கடல் நீரோடு கலந்து, லிட்டருக்கு 1,500 பெக்கரெலுக்குக் கீழாக நீர்க்க வைத்துக் கடலில் விட ஆரம்பித்தார்கள். டிரிட்டியத்தின் கதிர் மிகவும் சோனியானது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 10,000 பெக்கரெல் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் அளவு. ஆனாலும் மீனவர்களும் அண்டை நாட்டாரும் ஆட்சேபித்தார்கள். 'அழிக்க முடியாது' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதை இந்தத் தொட்டிகளைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றுமில்லை.

காசு கொடுத்து வாங்கிய விஷம்

இன்று ரேடியத்தை எடுப்பதற்குக் காசு செலவழிக்கிறோம். ஒரு காலத்தில் காசு கொடுத்து ரேடியம் போட்ட தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள் என்றால் நம்புவீர்களா?

1920-களில் அமெரிக்காவில் 'ரேடிதார்' என்ற டானிக் விற்பனையாயிற்று. சின்னச் சீசாவில் சுத்தமான தண்ணீர், அதில் ரேடியம். வலிமை தரும், வாலிபம் தரும் என்றெல்லாம் விளம்பரம். எபன் பயர்ஸ் என்பவர் பெரிய பணக்காரர். 1906-ல் கோல்ப் ஆட்டத்தில் அமெரிக்கச் சாம்பியனாக இருந்தவர். கையில் அடிபட்டதற்காக 1927-ல் இதைக் குடிக்க ஆரம்பித்து, சுமார் 1,400 சீசாக்கள் தீர்த்தார். ரேடியம், சுண்ணாம்புச் சத்துக்கு உறவு முறை. ஆகையால் உடம்பு அதை நேரே எலும்புக்கு அனுப்பிவிடுகிறது. பயர்ஸின் தாடை எலும்பு அரித்துப் போயிற்று. 1932-ல் அவர் இறந்தார். ஈயம் பூட்டிய பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். அந்தச் சீசாவில் இருந்த தண்ணீரும் பளிங்கு போலத்தான் இருந்தது!

நம் வீட்டுக்கு என்ன?

'இதெல்லாம் ஜப்பான், அமெரிக்கா சமாசாரம். எங்களுக்கு என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். அணு உலை வெடிக்க வேண்டும் என்பதில்லை. நிலத்தடித் தண்ணீரில் யுரேனியம் இயற்கையாகவே கலந்து வரும் இடங்கள் நம் தேசத்திலும் இருக்கின்றன. பஞ்சாபில் சில ஜில்லாக்கள் இதற்குப் பேர் போனவை. குடிதண்ணீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் யுரேனியம் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் வரம்பு. இந்தியத் தர அமைப்பும் அதையே வைத்திருக்கிறது. ஒரு விசித்திரம்: யுரேனியத்தில் கதிரைக் காட்டிலும், அது ஒரு கன உலோகம் என்பதுதான் முக்கியமான கெடுதல், மூத்திரக் காயைத் தாக்கும்.

ஆகையால், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டியவை இவை. முதலில் யந்திரத்தை வாங்காதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எந்த வடிகட்டி என்ற பேச்சு. கரி வடிகட்டி ரேடானைப் பிடிக்கும். யுரேனியத்தை அதனிடம் நம்பி ஒப்படைக்க முடியாது. ஆர்.ஓ. யந்திரம் யுரேனியத்தை நிறுத்தும். ஆனால் சவ்வை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். அதிலிருந்து தனிக் குழாயில் வெளிவரும் கழிவுத் தண்ணீரில், சவ்வு தடுத்ததெல்லாம் அடர்த்தியாகச் சேர்ந்திருக்கும். யுரேனியம் உள்ள ஊரில் அதைப் பிடித்து மாட்டுக்குக் காட்டுவதோ, சமையலுக்கு எடுப்பதோ கூடாது.

அணு விபத்து ஏதாவது நேர்ந்ததாக அறிவிப்பு வந்தால், அதற்கு முன்பே மூடி வைத்திருந்த தண்ணீர்தான் உத்தமமான தண்ணீர். மூடிய பாத்திரத்துக்குள் மழையும் தூசியும் வருவதில்லை. அயோடின் மாத்திரை தண்ணீரைச் சுத்தம் செய்யாது. அது தைராய்டில் இடத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் மருந்து. அதிகாரிகளும் டாக்டரும் சொன்னாலொழிய யாரும் தாமாக எடுத்து விழுங்கக் கூடாது.

டோக்கியோவில் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். 24-ந் தேதி சோதித்தபோது கானமாச்சித் தண்ணீர் 79 பெக்கரெலுக்கு இறங்கியிருந்தது. குழந்தைகளுக்கு இருந்த தடையை எடுத்தார்கள். நகரத்தின் கவர்னர் இஷிஹாரா அந்த நிலையத்துக்கே போய்ப் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக் காட்டினார். தைரியம் சொல்வதற்காகச் செய்ததுதான். ஆனால் தடை இருந்தது கைக்குழந்தைகளுக்கு. கவர்னருக்கு வயது 78! அவர் குடித்ததால் தாய்மார்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. அவர்களுக்கு உதவியது அந்த 210, 79 என்ற இரண்டு எண்கள்தான். தினந்தோறும் அளந்து, அளந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். கெட்ட நாளில் 'கொடுக்காதே' என்றதால்தான், நல்ல நாளில் 'கொடு' என்றபோது அது நம்பத் தகுந்த வார்த்தையாயிற்று.

கண்ணாலும் நாக்காலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பொருளுக்கு எதிரே, பிரித்தெடுக்கும் யந்திரத்துக்கு முன்னால் வேண்டியது அளந்து பார்க்கும் கருவி. அதற்கும் முன்னால் வேண்டியது, அளந்ததை உள்ளபடி சொல்லும் மனிதர். உங்கள் ஊர்த் தண்ணீரை யார் சோதிக்கிறார்கள், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று ஒரு தடவை விசாரித்து வையுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு காசும் செலவில்லை.